படம் பார்த்து வாங்கிய கேசட்டுகள்

ராசா,

நேற்று ஆராதனையில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். சென்னையில் இருக்கிற உனக்கு அது ஒரு முறைமை, அவ்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்படி இல்லை. போதகர் உன் பெயரையும் சாத்தான்குளத்து ஜெனிபாவின் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டு, இவர்களைத் திருமணத்தில் இணைப்பதற்கு யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று வழக்கம்போலக் கேட்டார். ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓலை வாசித்துக் கேட்டிருக்கிறேன். இந்த இடம் வந்ததும் பெண்கள் பக்கத்தில் நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்குவோம். நேற்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஒரு ஆட்சேபணை இருந்தது. ஆண்கள் பக்கத்தில் இருந்த உன் அப்பா என் முகத்தைப் பார்த்தே பயந்துபோய், எங்கே எழுந்துவிடுவேனோ என்று கண்ணாலேயே அதட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. ஆட்சேபணை அந்தப் பெண்மேல் இருந்தால் அல்லவா எழுந்திருக்க வேண்டும்? அது உன்மேல். அதைச் சபை நடுவே சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். இன்னும் இரண்டு ஓலை பாக்கி இருக்கிறது, அதற்குள் நீ இதை வாசித்துவிட வேண்டும்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்ப்பாய், எனக்குத் தட்டுகிற சத்தம் கேட்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டினவளை அப்படி ஏமாற்ற முடியாது. போன வாரம் நீ பேசியதும் அப்படித்தான் இருந்தது. "அம்மா, ஒரு ஆள் என் வீடியோ கேம் கேசட் எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கிடுதேன்னு சொல்லுதான். கல்யாணத்துக்கு முந்தி வந்து பெட்டி கட்டிருவான். பின் ரூம் சாவியை எடுத்து வை" என்றாய். ஏன்ல, திடீரென்று என்னத்துக்கு என்று கேட்டேன். தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு, "ஜெனிபாவுக்காகத்தாம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் நான் பேசாமல் சாவியை எடுத்து வைத்திருப்பேன். என் ஆட்சேபணை அந்த வார்த்தையின் மேல்தான்.

எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்த அன்று, அவளுடைய பெரியப்பா கை கழுவப் போனவர் வழி தவறிப் பின் ரூமுக்குள் போய்விட்டார். கண்ணாடி அலமாரியில் மேலிருந்து கீழ்வரை நீ அடுக்கி வைத்திருக்கிற ஜப்பான் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை முன்னால கடை ஏதும் வச்சிருந்தாரோ?" என்றார். உன் அப்பா சும்மா இருந்திருக்கலாம். "இல்ல, எல்லாம் வெளையாடுததுக்கு" என்று பெருமையாகச் சொன்னார். "இந்த வயசுலயா?" என்று அவர் கேட்டதும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் உன் காது இரண்டும் சிவந்துபோனது. சின்ன வயசிலிருந்தே உனக்கு அவமானம் முகத்துக்கு வராது, காதுக்குத்தான் வரும். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வந்தது, அப்போதே வந்தது. ஆனால் சம்பந்தி வீட்டுக்காரர், அதுவும் முதல் தடவை வந்திருக்கிறவர். அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயாசத்தை ஊற்றி வாயை அடைத்தேன். ஜெனிபா அன்றைக்கு வரவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

இந்தச் சேகரிப்பு எப்படித் தொடங்கியது என்று உன் சென்னை நண்பர்களிடம் நீ எப்படிச் சொல்வாயோ தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன். உன் அப்பா கப்பலில் இருந்த காலத்தில் அவர் ஊருக்கு வந்தால் பெட்டி பிரிக்கிற அன்றுதான் நம் வீட்டுத் திருவிழா. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று கூடம் நிறைந்துவிடும். பெட்டிக்குள்ளிருந்து சோப்பும் சென்ட்டும் டார்ச் லைட்டும் ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கை நீளும். நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு தடவை, எல்லாம் கொடுத்து முடித்து, கடைசியாகப் பழைய சட்டைக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு சாம்பல் நிறச் சாதனத்தை எடுத்தார். ஜப்பானில் ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் வாங்கினதாம். "டிவில வெளையாடுதது, எம் மவனுக்கு" என்று அறிவித்துவிட்டு, கூட்டம் மொத்தமும் பார்க்க, அதன் பிளக்கை நம் வீட்டுச் சுவரில் சொருகினார். ஜப்பானில் வீட்டுக்கு வருகிற கரண்டு நூறு வோல்ட், நம்மூரில் இருநூற்று முப்பது. டப்பென்று ஒரு சத்தம், பிளக்கோடு இருந்த கறுப்பு அடாப்டரிலிருந்து புகை, ரப்பர் தீய்ந்த நாற்றம். இருபத்து நான்கு மணி நேரமும் கப்பல் இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன்! "கப்பலையே ஓட்டுதவருக்கு ஒரு பிளக்கைச் சொருகத் தெரியலயே" என்று உன் சித்தி சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கும் ஒருவருடைய காது சிவந்தது. உனக்கு அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகமே கிடையாது.

நீ அழவில்லை. செத்துப்போன அந்தச் சாதனத்தைத் துடைத்து, சட்டையில் சுற்றி, அப்பா அடுத்த பயணம் முடிந்து வேறு அடாப்டர் கொண்டுவரும்வரை கட்டிலுக்கடியில் வைத்திருந்தாய். கப்பல் ஏறுமுன்பே மோட்டார் காயில் கட்டுகிற அண்ணாச்சியிடம் சொல்லி, கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற ஒரு இரும்புப் பெட்டியையும் அப்பா செய்து வைத்துவிட்டார். ஆட்டுக்கல் கனம் கனக்கும், போட்டால் வண்டுபோல முனகும். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. நம் டிவிக்கு ஜப்பான் கலர் பிடிபடாமல், புது டிவி வாங்குகிறவரை எல்லாமே கறுப்பு வெள்ளையில்தான் தெரிந்தது. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அட்டைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவன் சட்டை சிவப்பு, இது பச்சை மரம் என்று நீயே மனசுக்குள் கலர் அடித்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகு உன் அப்பா ஜப்பான் பக்கம் போகும்போதெல்லாம் கேசட் வாங்கி வந்தார். ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது, கடைக்காரரிடம் பேசவும் தெரியாது. படத்தைப் பார்த்து வாங்குவார். படத்தில் குதிரை இருந்தது என்று வாங்கினார், அது குதிரைப் பந்தயத்தில் யார்மேல் பணம் கட்டுவது என்று கணக்குப் பார்க்கிற விளையாட்டு. அழகான பெண் படம் போட்டது ஒன்று, உள்ளே முழுக்கச் சீனக் காய் அடுக்குகிற சூதாட்டம். மட்டையோடு ஒரு பையன் நிற்கிறான், கிரிக்கெட் என்று நினைத்து வாங்கினார், அது பேஸ்பால். அதையே மறந்துபோய் இன்னும் இரண்டு தடவை வாங்கி வந்தார். நீ ஒரு நாள்கூட "இது இருக்கு அப்பா" என்று சொன்னதில்லை. மூன்றாவது தடவையும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு, அவர் போனபிறகு என்னிடம் வந்து, "அம்மா, அப்பாட்ட சொல்லிராத" என்றாய். அப்போதே நினைத்தேன், இந்தப் பிள்ளை அடுத்தவர் மனசு நோகக்கூடாது என்று தன் வாயைக் கட்டிக்கொள்வான் என்று. அது உன் நல்ல குணம். அதைத்தான் இப்போது பார்த்துப் பயப்படுகிறேன்.

படம் பார்த்து வாங்கியதில் ஒன்றே ஒன்று குருட்டாம்போக்கில் நல்லதாக அமைந்தது. பாய்மரக் கப்பல் படம் போட்டது. கப்பல்காரர் கப்பலைப் பார்த்ததும் யோசிக்காமல் வாங்கிவிட்டார், அட்டைப்பெட்டி, உள்ளே சின்னப் புத்தகம், எல்லாம் முழுசாக இருந்தது. ஒரு பையன் தீவு தீவாகப் போகிற கதை அது. விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம், அதற்காக மூன்று பேர் பெயர் போட்டுக்கொள்ள உள்ளே மூன்று இடம் உண்டு. முதல் இடத்தில் அப்பாவைப் போட வைத்தாய். எந்த எழுத்து என்ன என்று யாருக்குத் தெரியும்? தூண்டில் முள்போல வளைந்த ஒரு எழுத்து அவருக்குப் பிடித்துப்போய், அதையே நாலு தடவை அமுக்கி அதைத் தன் பெயர் என்றார். இரண்டாவதில் நீ. மூன்றாவதில் என்னைக் கூப்பிட்டாய். எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தக் கிடந்தது, இன்னொரு நாள் என்றேன். நீயும் அப்பாவும் எழுத்தின் உருவத்தை வைத்தே மேலே இருப்பது 'ஆம்', கீழே இருப்பது 'இல்லை' என்று கண்டுபிடித்துத் தீவுகளைக் கடந்தீர்கள். அவர் கப்பலுக்குப் போனதும் நீ அவருடைய இடத்தைத் தொடமாட்டாய். ஆறேழு மாதம் கழித்து வருகிறவர் எந்தக் கரையில் விட்டாரோ அதே கரையில் நிற்பார். பிற்பாடு உள்ளே இருக்கிற பேட்டரி தேய்ந்தபோது, பெயர்கள் அழியாமல் அதை மாற்றுவதற்கு நீ பட்ட பாட்டையும் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈயம் பற்றவைத்தாய், ஃபேனைக்கூடப் போடவிடவில்லை.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா கப்பலை விட்டார். ஊருக்கு வந்தவர் அடுத்த காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அவ ஒத்தையில கெடந்து கஷ்டப்படுதா. அவளுக்காகத்தான் விட்டேன்" என்றார். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கொடுத்து வைத்தவள் என்றார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்ச நாள் மிதந்துகொண்டுதான் இருந்தேன். பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்தில் கண்டெய்னர் யார்டில் வேலைக்குப் போனார், அது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காத ஒவ்வொரு நாளும் அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்தது. குழம்பில் உப்புக் குறைந்தால், "ஒனக்காகக் கப்பலையே விட்டேன்." நான் அம்மா வீட்டில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால், "ஒனக்காக." நீ கணக்கில் மார்க் குறைந்து வந்தால் அதற்கும் அதே. கொடுத்ததை வாங்கிக்கொண்டேனா இல்லையா என்று யாரும் கேட்காமலே நான் கடன்காரி ஆகிவிட்டேன்.

நாசரேத் ஊரில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குத் தலைமையாசிரியை வேலை வந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. வாரம் முழுக்க அங்கேயே தங்க வேண்டியிருக்கும், சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம். எனக்கு ஆசை இருந்தது. இருந்தது என்ன, மிகவும் இருந்தது. ஆனால் எனக்காகக் கடலை விட்ட மனுஷனைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவேன்? வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவரிடம் சொல்லவே இல்லை. பிறகு அவர் ஒரு தடவை "ஒனக்காக" என்றபோது, "நான் ஒங்களுக்காக என்னத்த விட்டேன்னு தெரியுமா?" என்று நானும் எடுத்து வீசினேன். இரண்டு பேரும் கேட்காமலே கொடுத்தோம், கேட்காமலே கணக்கு வைத்தோம். நீ அந்த வருஷங்களில் பின் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த முனகுகிற பெட்டியோடு உட்கார்ந்திருந்தாய். ஏன் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

வேலைக்குப் போனதும் நீயே வாங்க ஆரம்பித்தாய். மற்றப் பிள்ளைகள் பைக் வாங்கின காலத்தில் உனக்கு ஜப்பானிலிருந்து பார்சல் வந்தது. உன் சென்னை அறையில் வைக்க இடம் இல்லை என்று எல்லாம் என் பெயருக்கு வரும். தபால்காரர், "டீச்சர், இன்னைக்கும் ஜப்பான்" என்று சிரிப்பார். வீடியோ காலில் நீ பார்த்துக்கொண்டிருக்க நான் பிரிக்க வேண்டும். "மெதுவாம்மா, மூலை மடங்கிரும், அட்டைக்குத்தாம்மா மதிப்பு" என்று அங்கிருந்து பதறுவாய். ஒரு தடவை பின்பக்கம் பேனாவால் ஏதோ கிறுக்கியிருந்தது, ஏமாற்றிவிட்டான் என்று நான் கத்தினேன். நீ, "இல்லம்மா, அது அங்கன உள்ள ஒரு பையன் தன் பேரை எழுதி வச்சிருக்கான். பேர் எழுதினா மத்தவங்க வாங்கமாட்டாங்க, நான் அதைத்தான் தேடி வாங்குதேன்" என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, "யாரோ ஒருத்தன் தொலைஞ்சிரக்கூடாதுன்னு எழுதினதுதானே" என்றாய். அன்றிலிருந்து எனக்கு இது விளையாட்டுச் சாமானாகத் தெரியவில்லை. நம்மூர்க் காற்று தெரியும் உனக்கு, உப்பளத்திலிருந்து ஒரு பக்கம், கடலிலிருந்து ஒரு பக்கம், இரும்பு ஜன்னலையே தின்கிற காற்று. அதில் ஒரு கேசட்டின் உலோகக் கால்கூடப் பச்சை பிடிக்கவில்லை என்றால் அது யாரால்? மாதம் ஒரு தடவை பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போனால் புதுச் செருப்புப் பெட்டியில் இருக்கிற, தின்னக்கூடாது என்று எழுதின, ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்களைக் கேட்டு வாங்கி வருகிறேன். உன் சித்தி மகள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறாள். ஒரு கேசட்டும் விளையாடத் தெரியாதவள் இதையெல்லாம் செய்கிறேன் என்றால், அது உன் பிரியத்தைப் பார்த்துத்தான். எனக்கும் முழங்கால் போய்விட்டது, கீழ்த்தட்டைத் துடைக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். ஆனாலும் அந்தத் துடைக்கிற நேரம் எனக்குப் பிடிக்கும்.

நீ போன் பண்ணின மறுநாள் மத்தியானம் நான் ஊளி மீன் நறுக்கிக்கொண்டே அப்பாவிடம் புலம்பினேன். அவர் வழக்கம்போல அந்தக் காய் அடுக்குகிற சூதாட்டத்தில் இருந்தார். இத்தனை வருஷத்தில் அதன் விதி அவருக்குத் தெரியாது, எப்போதாவது தானாக ஜெயித்துவிட்டால் தான் திட்டம்போட்டு ஜெயித்ததாகச் சொல்வார். நீ கூடாது என்று சொல்லியும் கேசட்டை எடுத்து வாயால் ஊதித்தான் போடுகிறார், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டேன். "எல்லாத்தையும் விக்கப் போறானாம். ஜெனிபாவுக்காகவாம்" என்றேன். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏளா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. நான் ஒனக்காகக் கப்பலை விடல" என்றார்.

அரிவாள்மனையிலிருந்து நான் அப்படியே நிமிர்ந்தேன். கடைசிப் பயணத்தில், அவரோடு இன்ஜின் அறையில் வேலை பார்த்த ஒருவருடைய கை மிஷினில் மாட்டிப் போய்விட்டதாம். எனக்கு இதுநாள்வரை தெரியாது. "அதுக்கப்புறம் அந்த ஏணில கால வச்சாலே நெஞ்சு அடைச்சுக்கிடும். கீழ எறங்க முடியல. பயம் ஏளா, வெறும் பயம். கப்பக்காரன் பயந்து வந்துட்டான்னு ஊருக்குள்ள சொல்ல முடியுமா? ஒம் பேரைச் சொன்னேன். எல்லாரும் நல்லவன்னு சொல்லிட்டாங்க. பொறவு எனக்கே அது நெசம் மாதிரி ஆயிப்போச்சு" என்றார். சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது, இந்த வயசிலும்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. அன்று மீன் குழம்பை அவர் தானே போட்டுச் சாப்பிட்டார். அந்த மனுஷன் பயந்ததற்கு நான் இத்தனை வருஷம் நன்றிக்கடன் கட்டிக்கொண்டிருந்தேன். நாசரேத்துப் பள்ளிக்கூடத்தின் மணிச் சத்தம்கூடக் காதில் கேட்டது. ஆனால் மறுநாள் காலையில் அவர் காப்பி போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன்போல நின்றபோது, வேறொன்று தோன்றி அழுகை வந்துவிட்டது. பயமாக இருக்கிறது என்று அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன, சிரித்திருப்பேனா? அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன். போங்க கப்பலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேன். அந்த ஒரு வாய்ப்பை அவர் எனக்குக் கொடுக்கவே இல்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. "ஒனக்காக" என்ற வார்த்தை அவரையும் தனியாக்கியது, என்னையும் தனியாக்கியது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ விற்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை, இதை நன்றாகக் கேட்டுக்கொள். உனக்கே சலித்துவிட்டது என்றால் விற்றுவிடு. மனுஷனுக்கு ஆசை மாறும். புது வீட்டில் இடம் இல்லை என்றால் விற்றுவிடு. பெரியப்பா சிரித்தது உள்ளே தைத்துவிட்டது, அந்த அலமாரியைப் பார்த்தாலே வெட்கமாக இருக்கிறது என்றால், அதுவும் ஒரு காரணம்தான், நான் உன்னைக் குறைவாக நினைக்கமாட்டேன். நானே ஆளைக் கூப்பிட்டுப் பெட்டி கட்டிக் கொடுக்கிறேன். ஆனால் எதுவோ அதை அதன் பெயரால் சொல். வெட்கம் என்றால் வெட்கம் என்று சொல். அதைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் தலையில் வைக்காதே. அவள் அன்றைக்கு வரவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, விற்கச் சொல்லவும் இல்லை. நீ விற்கப்போவதே அவளுக்குத் தெரியாது, உன் வாயைக் கட்டிக்கொண்டு செய்கிறாய். இன்றைக்கு நல்ல மனசோடுதான் செய்வாய். பத்து வருஷம் கழித்து ஒரு நாள் அவள் வைத்த குழம்பில் உப்புக் குறையும். அப்போது உன் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், அது இந்த வீட்டில் நீ கேட்டு வளர்ந்த வார்த்தை.

இன்னொன்று நடந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வியாழக்கிழமை ஜெனிபா வந்தாள். ரவிக்கை தைக்கக் கொடுக்கத் தூத்துக்குடி வந்தவள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள். பின் ரூமிலிருந்து முனகல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். "இது என்ன மாமா?" என்றாள். உன் அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்? சூதாட்டத்தை எடுத்துவிட்டு அந்தக் கப்பல் கேசட்டை ஊதிப் போட்டுக் காட்டினார். தன் தூண்டில் முள் பெயரைக் காட்டினார், உன் பெயரைக் காட்டினார். அவள் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "மூணாவதுல யாருமே இல்லையே. நான் போடட்டுமா?" என்றாள். "போடும்மா" என்றேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வீட்டுக்கூரைபோல இருக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மேலே ஆம், கீழே இல்லை என்று அப்பா பாடம் நடத்தினார். முதல் தீவில் சுவரில் முட்டிக்கொண்டு முட்டிக்கொண்டு திரிந்தாள், சத்தம்போட்டுச் சிரித்தாள், ஒரு பஸ்ஸை விட்டுவிட்டாள். விற்பனைபற்றி நான் மூச்சுவிடவில்லை. அப்பாவையும் காலை மிதித்து அடக்கினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த அலமாரியைப்பற்றி என்னிடம் ஒன்று சொன்னாள். அதை நான் எழுதமாட்டேன். அவள் மனசில் இருப்பதை நான் சொல்லி நீ தெரிந்துகொண்டால், கடைசிவரைக்கும் யாராவது நடுவில் நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வாங்க வருகிற அந்த ஆள் கேட்கிறதிலேயே கப்பல் கேசட்டைத்தான் முக்கியமாகக் கேட்கிறான் என்றாய். வாங்கினதும் உள்ளே இருக்கிற பெயர்களை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போடுவான், அது நியாயம்தான். முதல் இடத்தைப்பற்றிக் கவலைப்படாதே, அப்பாவிடம் கேட்டுவிட்டேன், அழித்துக்கொள்ளட்டும் என்றார். இரண்டாவது உன்னுடையது, உன் இஷ்டம். மூன்றாவதை அழிக்கலாமா என்று அவளிடம் நீயே கேள். அவள் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். சாவி என்னிடம் இருக்கிறது, நீ கேட்டுவிட்டேன் என்று சொல்கிறவரை அது என் இடுப்பிலேயே இருக்கும்.

அம்மா